கைக்குள் அடங்கும் வாணலி: அமெரிக்கக் குட்டி இரும்புச் சட்டிகளின் கதை

(நீண்ட இழை. பொறுமையா படிங்க. கடைசிப் பகுதி உங்க வீட்டுக் குழந்தைகளுக்கும் சம்பந்தப்பட்டது.)

உள்ளங்கையில் வைக்கக்கூடிய ஓர் இரும்பு வாணலி. விட்டம் சுமார் 4 அங்குலம். ஒரே ஒரு முட்டையை உடைச்சு ஊத்தினா நிறைஞ்சு போயிடும்.

திருப்பிப் பார்த்தா அடியில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் சிலுவை வடிவம். அதுக்குள் "கிரிஸ்வோல்டு" என்ற கம்பெனிப் பெயர். கூடவே "ஈரி" என்ற ஊர்ப் பெயரும் 0 என்ற எண்ணும்.

அமெரிக்காவில் பழைய இரும்புப் பாத்திரம் சேகரிக்கிற பெரிய கூட்டமே இருக்கு. அவங்க மத்தியில், தினமும் சமைக்கிற பெரிய வாணலியை விட இந்தக் குட்டிக்கு அதிக விலை சொல்றது ரொம்ப சகஜம்.

சமைக்கவே உதவாத சட்டிக்கு எதுக்கு இவ்வளவு மவுசு?

"டாக்டர், உங்களுக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சி?"ன்னு கேப்பீங்க. காரணம் இருக்கு. ரத்தசோகை, காரீய நஞ்சு, குழந்தைகள். இந்த மூணும் இந்தக் குட்டிச் சட்டிக்குள்ள வந்து சேருது.

முதல்ல வரலாறு. வாங்க.

வார்ப்பிரும்புன்னா என்ன? 2 முதல் 4 சதவீதம் வரை கார்பன் கலந்த இரும்பு. சுத்த இரும்பு உருகணும்னா 1,538 டிகிரி செல்சியஸ் வேணும். கார்பன் சேர்ந்தா 1,200 டிகிரிக்குப் பக்கத்துலயே உருகிடும். அதை அச்சுல ஊத்தி எந்த வடிவம் வேணும்னாலும் எடுக்கலாம்.

சீனர்கள் கி.மு. 5-ம் நூற்றாண்டிலேயே இதைச் செய்தாங்க. ஐரோப்பாவுக்கு இந்தக் கலை ரொம்ப தாமதமாகத்தான் போச்சு.

சாமானிய மக்களின் அடுப்பங்கரைக்கு இரும்புச் சட்டி மலிவா வந்ததுக்கு முக்கியமான ஆள், இங்கிலாந்தின் ஆபிரகாம் டார்பி. 1707-ல் மணல் அச்சில் இரும்புப் பானை வார்க்கும் முறைக்கு அவர் காப்புரிமை வாங்கினார். 1709-ல் கோல்புரூக்டேல் என்ற ஊரில், மரக்கரிக்குப் பதிலா கல்கரி போட்டு இரும்பை உருக்கிக் காட்டினார்.

தொழிற்புரட்சின்னதும் நமக்கு ரயில் எஞ்சின்தான் ஞாபகம் வரும். ஆனா அதன் ஆரம்ப அத்தியாயத்தில் சமையல் பானையும் இருக்கு.

அடுத்து அமெரிக்கா.

ஆரம்பத்தில் அங்கேயும் திறந்த நெருப்பில்தான் சமையல். அதனால சட்டிக்கு மூணு கால் இருக்கும். 19-ம் நூற்றாண்டில் இரும்பு ஸ்டவ் வீட்டுக்கு வீடு பரவியது. ஸ்டவ்வின் மேல்தட்டில் வட்ட ஓட்டைகள். அதுல உட்காரணும்னா சட்டிக்கு அடிப்பாகம் தட்டையா இருக்கணும். கால் போச்சு.

அந்த ஓட்டைகளின் அளவுக்கு ஏத்த மாதிரி சட்டிகளுக்கு எண் வந்தது. அதனாலதான் "8-ம் நம்பர்" வாணலின்னா 8 அங்குலம்னு அர்த்தம் இல்லை. வாய் சுமார் பத்தரை அங்குலம் இருக்கும். அந்த வரிசையின் வாலில் நிக்கிறதுதான் நம்ம 0 நம்பர்.

பென்சில்வேனியா மாநிலத்தில் ஏரிக்கரை ஊரான ஈரி. 1865-ல் மேத்யூ கிரிஸ்வோல்டும் செல்டன் குடும்பத்தினரும் சேர்ந்து அங்கே ஒரு பட்டறை தொடங்கினாங்க. ஆரம்பத்தில் செஞ்சது கதவுக் கீல். அப்புறம்தான் பாத்திரம். அதுதான் பின்னாளில் கிரிஸ்வோல்டு கம்பெனி.

ஒஹாயோ மாநிலத்தின் சிட்னி என்ற சின்ன ஊரில் 1891-ல் வாக்னர் சகோதரர்கள் ஆரம்பித்தது வாக்னர் கம்பெனி. (ஆஸ்திரேலியா சிட்னி இல்லைங்க.) டென்னசியில் 1896-ல் ஜோசப் லாட்ஜ் தொடங்கிய தொழில் இன்னிக்கு லாட்ஜ் என்ற பெயரில் ஓடுது.

இந்த ஆலைகள் வாணலி மட்டும் செய்யலை. டென்மார்க்கில் இருந்து குடியேறினவங்களுக்காக கிரிஸ்வோல்டு ஏழு குழி வச்ச ஒரு கல் செய்தது. படத்தைப் பார்த்தா நீங்க சத்தியமா குழிப்பணியாரச் சட்டின்னுதான் சொல்வீங்க. அதுல அவங்க செய்யிறது "ஏபில்ஷீவர்" என்ற உருண்டைப் பலகாரம். மாவு வேற, குழி ஒண்ணுதான்.

சரி, குட்டிச் சட்டிக்கு வருவோம். இன்னிக்கு சேகரிப்பாளர் கையில் இருக்கிற குட்டிகளை மூணு ரகமா பிரிக்கலாம்.

ஒண்ணு, பொம்மை. நம்ம ஊர் செப்பு சாமான் மாதிரியே. குட்டி வாணலி, குட்டிக் கெட்டில், குட்டித் தோசைக்கல், மூடி போட்ட குட்டிச் சட்டி. வாக்னர், கிரிஸ்வோல்டு ரெண்டு பேருமே செஞ்சாங்க. இதை வைக்க இரும்பிலேயே பொம்மை ஸ்டவ். அதை ஒஹாயோவின் கென்டன், பென்சில்வேனியாவின் ஹப்லி மாதிரி பொம்மைக் கம்பெனிகள் செய்தன. செயின்ட் லூயிஸ் நகரத்து பக்ஸ் கம்பெனி ஒருபடி மேலே போய், நிஜமாவே நெருப்பு மூட்டக்கூடிய குழந்தை அளவு ஸ்டவ்வை "பக்ஸ் ஜூனியர்" என்ற பெயரில் விற்றது. தீக்காய வார்டு பார்த்தவன் என்ற முறையில், படிக்கும்போதே எனக்கு வயித்தைக் கலக்குச்சு.

ரெண்டு, விற்பனைப் பிரதிநிதியின் மாதிரி. ஊர் ஊரா ரயிலில் போற ஆள் நூறு கிலோ ஸ்டவ்வைத் தூக்கிட்டுப் போக முடியாது. கதவு திறக்கிற, சாம்பல் தட்டு இழுக்கிற குட்டி மாதிரி ஒண்ணைப் பெட்டியில் வச்சு, கடைக்காரர் மேசையில் எடுத்துக் காட்டுவார்.

மூணு, விளம்பரப் பொருள். வாணலி வடிவ சாம்பல் கிண்ணம். தீப்பெட்டி செருகவும் இடம் வச்சிருப்பாங்க. வீட்டு ஆண்கள் சிகரெட்டைத் தட்டும்போதெல்லாம் கம்பெனிப் பேர் கண்ணில் படும்.

சந்தையில் ஒரு தகராறு உண்டு. "பொம்மை"ன்னு சொன்னா ஒரு விலை, "விற்பனை மாதிரி"ன்னு சொன்னா அதைவிட அதிக விலை. அதனால சாதாரண பொம்மையையும் விற்பனை மாதிரின்னு சொல்லி விக்கிறவங்க நிறைய. அனுபவசாலிகள் முதல்ல சந்தேகப்படுறது இந்த வார்த்தையைத்தான்.

ஏன் பெரிய பாத்திரக் கம்பெனிகள் பொம்மை செய்யணும்? என் வாசிப்பு இது: அது பத்து வருஷம் தள்ளி வரப்போற வாடிக்கையாளருக்கான முதலீடு. ஏழு வயசுப் பொண்ணு கையில் "வாக்னர்"னு எழுதின சட்டியைக் குடுத்தா, கல்யாணம் ஆனதும் கடையில் எந்தப் பேரைத் தேடும்? சமையல் பொம்மை பொண்ணுக்கு, ரயிலும் தீயணைப்பு வண்டியும் பையனுக்கு. இந்தப் பாகுபாட்டையும் சேர்த்துத்தான் வார்த்தாங்க.

இப்ப தொழில் நுணுக்கம். கோயம்புத்தூர்ல பவுண்டரியில வேலை பாத்தவங்க வீட்டுல இருந்தா இதைப் படிச்சுக் காட்டுங்க.

முதல்ல பேட்டர்ன், அதாவது மாதிரி வடிவம் செய்யணும். அதை ஈர மணலில் அழுத்தி, ரெண்டு பாதிப் பெட்டியா அச்சு எடுத்து, மாதிரியை உருவிட்டு, அந்தக் காலி இடத்தில் உருகிய இரும்பை ஊத்தணும். ஆறினதும் மணலை உடைச்சு எடுத்து, பிசிறு தட்டி, உள்பக்கம் வழவழப்பாக்கணும். ஒரு சட்டிக்கு ஒரு மணல் அச்சு. அடுத்த சட்டிக்கு மறுபடி முதல்ல இருந்து.

குட்டிச் சட்டின்னா வேலை கம்மின்னு நினைக்காதீங்க. சுவர் மெல்லிசு. இரும்பு ஓடி முடிக்கும் முன்னாடியே உறைஞ்சிட்டா சட்டியில் ஓட்டை. எழுத்தோ கடுகு சைஸ். மணல் பொடியா இல்லைன்னா படிக்கவே முடியாது. விளையாட்டுப் பொருளுக்கும் அதே வார்ப்புக்காரர், அதே மணல், அதே உலை. அதனாலதான் அந்தக் காலத்துக் கைத்திறமைக்கு இந்தக் குட்டிகள் நல்ல சாட்சி.

போலியும் இங்கதான் மாட்டும். எப்படின்னு பாருங்க.

வார்ப்பிரும்பு ஆறும்போது சுமார் 1 சதவீதம் சுருங்கும். அதனால பேட்டர்ன் செய்யிறவர் அந்த அளவு பெருசாத்தான் செய்வார். அதுக்குன்னே கொஞ்சம் நீட்டி அளவு போட்ட தனி ஸ்கேல் உண்டு.

போலி செய்யிறவன் என்ன பண்ணுவான்? அசல் சட்டியையே பேட்டர்னா மணலில் அழுத்துவான். அந்தச் சட்டியோ ஏற்கெனவே ஒரு தடவை சுருங்கினது. புதுசு அதுக்கும் மேல 1 சதவீதம் சுருங்கும். பத்தரை அங்குல வாணலியில் இது இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல. ஸ்கேல் வச்சாலே தெரியும். 4 அங்குலக் குட்டியில்? வெறும் 1 மில்லிமீட்டர்!

இரும்பும் கொஞ்சம்தான், விலையோ அதிகம், வித்தியாசமோ 1 மில்லிமீட்டர். குட்டிகளில் போலி அதிகமா புழங்குறதுக்குக் காரணம் புரியுதா?

அதனால அளவோடு நிறுத்தாம, விரலால் தடவிப் பார்ப்பாங்க. அசல் வழவழன்னு இருக்கும், போலி சொரசொரன்னு இருக்கும். எழுத்து மழுங்கியிருக்கும். ஓரத்தில் கிரைண்டர் போட்ட முரட்டுக் கோடு தெரியும். கையில் தூக்கினா பெரும்பாலும் அசலை விட கனமா இருக்கும்.

இவ்வளவு பெரிய தொழில் எப்படி விழுந்தது?

1886-ல் அலுமினியத்தை மலிவாப் பிரிக்கும் வழி கண்டுபிடிச்சாங்க. கனம் இல்லை, துரு இல்லை. வாக்னர் கம்பெனியே 1890-களில் அலுமினியப் பாத்திரம் செய்ய ஆரம்பிச்சிடுச்சு. இரண்டாம் உலகப்போர் வந்ததும் 1942-ல் அமெரிக்க அரசு உலோகப் பொம்மைகளுக்குக் கட்டுப்பாடு போட்டது. போர் முடிஞ்சு வந்தது பிளாஸ்டிக் பொம்மைகளின் காலம். 1960-களில் நான்ஸ்டிக் வாணலி அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது.

ஈரியில் கிரிஸ்வோல்டு ஆலை 1957-ல் மூடப்பட்டது. அந்தப் பெயரை வாங்கினது யார் தெரியுமா? அப்போது வாக்னரை வச்சிருந்த ராண்டல் கம்பெனி. அரை நூற்றாண்டுக்கு மேல் போட்டி போட்ட ரெண்டு பேரும் ஒரே முதலாளி கையில். அப்புறம் அதுவும் கை மாறி, கை மாறி, 1999-ல் சிட்னி ஆலையும் மூடியாச்சு.

ஆலை மூடின பிறகுதான் தேடல் சூடு பிடிச்சது. பரணில் கிடந்த சட்டியெல்லாம் சந்தைக்கு வந்தது. 1990-களில் டேவிட் ஸ்மித், சார்லஸ் வாஃபோர்டு எழுதிய "தி புக் ஆஃப் கிரிஸ்வோல்டு அண்ட் வாக்னர்" என்ற நூல் சேகரிப்பாளர்களின் கையேடா ஆச்சு. எந்த முத்திரை எந்தக் காலம், எந்த எண் எந்தச் சட்டின்னு பார்த்துச் சொல்லலாம். இதுக்குன்னே சங்கங்களும் இருக்கு. வருஷா வருஷம் கூடுறாங்க, ஏலம் விடுறாங்க, போலிகளைப் பட்டியல் போட்டு எச்சரிக்கிறாங்க.

இதுல ஒரு முரண் இருக்கு. சமைச்சு சமைச்சுத் தேஞ்ச பெரிய சட்டி பழைய இரும்புக்குப் போச்சு. யாரும் சமைக்காத குட்டிச் சட்டி கண்ணாடி அலமாரிக்குப் போச்சு. உடம்புக்கு உதவினது எது?

இங்கதான் டாக்டர் உள்ளே வர்றேன்.

1986-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. ஆப்பிள் கூழை இரும்புச் சட்டியில் சமைச்சாங்க. 100 கிராமில் 0.35 மில்லிகிராம் இருந்த இரும்புச்சத்து 7.38 மில்லிகிராம் ஆனது. கிட்டத்தட்ட இருபது மடங்கு. புளிப்பும் ஈரமும் உள்ள உணவு சட்டியில் இருந்து இரும்பைக் கரைச்சு எடுக்கும். கொதிக்கிற நேரம் கூடக் கூட இன்னும் கரையும்.

நம்ம ஊர் புளிக்குழம்பு, தக்காளித் தொக்குக்கும் வேதியியல் இதேதான். ஆனா தோசைக்கல் வேற. நல்லாப் பழகின கல்லில் எண்ணெய்ப் படலம் மறைக்கும், தோசை ரெண்டு நிமிஷத்தில் இறங்கிடும். அதனால தோசையில் ஏறும் இரும்பு குறைவு.

1999-ல் லான்செட் இதழில் வந்த எத்தியோப்பிய ஆய்வு இன்னும் முக்கியம். 2 முதல் 5 வயதுக் குழந்தைகள் இருக்கிற வீடுகளில் சிலருக்கு இரும்புப் பானை, சிலருக்கு அலுமினியப் பானை கொடுத்தாங்க. 12 மாதம் கழிச்சுப் பார்த்தா, ஹீமோகுளோபின் இரும்புப் பானை வீட்டில் சராசரியா 1.7 கிராம் ஏறியிருந்தது. அலுமினியப் பானை வீட்டில் 0.4 கிராம்தான்.

நம்ம நிலைமை என்ன? 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம். என் ஓ.பி.யில் கண் இமையை இழுத்துப் பார்க்கிறது தினசரி வேலை. பல நேரம் உள்ளே வெளுத்துத்தான் இருக்கும்.

உடனே "அப்ப மாத்திரை வேணாம், சட்டி போதும்"னு வாட்ஸ்அப்ல போட்டுடாதீங்க. இரும்புச் சட்டி துணை மட்டுமே. ரத்தசோகைக்கு சிகிச்சை இல்லை. கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரையை ஒருநாளும் நிறுத்தக்கூடாது. அடிக்கடி ரத்தம் ஏத்துற தலசீமியா குழந்தைகளுக்கு உடம்பில் ஏற்கெனவே இரும்பு தேங்கியிருக்கும். அவங்க வீட்டில் இரும்புச் சட்டி பற்றி டாக்டரிடம் கேட்டுத்தான் முடிவெடுக்கணும்.

அடுத்தது, முதல்லயே சொன்ன அந்த முக்கியமான விஷயம். பழைய சட்டியில் காரீயம்.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். ரசம் வைக்கிற ஈயச் சொம்பு, பித்தளைக்கு ஈயம் பூசுறது, இதெல்லாம் வெள்ளீயம். நான் சொல்றது காரீயம். பழைய பெயின்ட், பேட்டரி, துப்பாக்கிக் குண்டில் இருக்கிற நஞ்சு. ஈயச் சொம்பிலும் காரீயக் கலப்படம் இருந்தா ஆபத்துதான்.

காரீயம் 327 டிகிரியிலேயே உருகிடும். இரும்புச் சட்டி அதைச் சுலபமாத் தாங்கும். அதனால அமெரிக்காவில் துப்பாக்கிக் குண்டு வார்க்கவும், தூண்டில் எடைக்கல் வார்க்கவும் பழைய சமையல் சட்டியில்தான் காரீயத்தை உருக்கினாங்க. சின்னச் சட்டியும் கரண்டியும் அதுக்கு ரொம்ப வசதி. அந்தச் சட்டி இன்னிக்குப் பழம்பொருள் கடையில் கறுப்பா, அழகா உட்கார்ந்திருக்கும். மேலோட்டமாப் பார்த்தா ஒண்ணும் தெரியாது.

பொம்மைகளில் பெயின்ட் பிரச்சினையும் உண்டு. வீட்டு உபயோகப் பெயின்டிலும் பொம்மையிலும் காரீயத்தை அமெரிக்கா தடை செய்ததே 1978-ல்தான். இரும்புப் பொம்மைகளின் பொற்காலம் அதுக்கு ரொம்ப முன்னாடி.

குழந்தை பொம்மையை என்ன செய்யும்? வாயில் வைக்கும். காரீயம் வளர்ற மூளையைப் பாதிக்கும். படிப்பு, கவனம், நடத்தை எல்லாத்துலயும் கை வைக்கும். பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது.

இரும்பும் காரீயமும் சந்திக்கிற இடத்தையும் கவனிங்க. குடலில் இரும்பை உள்ளே இழுக்கும் ஒரு புரதம் இருக்கு. உடம்பில் இரும்பு குறைஞ்சா குடல் அந்தப் புரதத்தை அதிகமாக்கும். அந்தப் புரதத்துக்கு ஆள் அடையாளம் சரியாத் தெரியாது, காரீயத்தையும் ஏத்திக்கும். பஸ்ஸில் காலி சீட் நிறைய இருந்தா யார் வேணும்னாலும் ஏறி உட்கார்ற மாதிரி. ரத்தசோகை உள்ள குழந்தைக்குக் காரீயம் இன்னும் வேகமா ஏறும். நம்ம ஊரில் பாதிக்கு மேல் குழந்தைகளுக்கு ரத்தசோகைன்னு இப்பத்தான் படிச்சீங்க.

பழைய இரும்புப் பொருள் சேகரிக்கிற ஆசை உள்ளவங்களுக்கு, நம்ம ஊரோ வெளிநாடோ, நாலு விஷயம்:

1. என்னத்துக்குப் பயன்பட்டதுன்னு தெரியாத பழைய சட்டியில் சமைக்காதீங்க. காரீயம் உருக்கின சட்டியை எத்தனை தடவை கழுவிப் பழக்கினாலும் சமையலுக்கு நம்ப முடியாது. வீட்டில் தேய்ச்சுப் பார்க்கிற சோதனைக் குச்சி முழு உறுதி தராது. எக்ஸ்ரே மூலம் உலோகத்தை அளக்கும் ஆய்வகக் கருவிதான் நம்பகமானது.

2. பெயின்ட் அடிச்ச பழைய பொம்மை அலமாரிக்கு மட்டும். அதையும் சுரண்டாதீங்க. தூள்தான் ஆபத்து. குழந்தை விளையாடக் குட்டி வாணலி வேணும்னா இப்போ புதுசாவே வார்த்து விக்கிறாங்க, லாட்ஜ் உட்பட.

3. துருவும் பழைய எண்ணெய்ப் பிசுக்கும் எடுக்க சேகரிப்பாளர்கள் காஸ்டிக் சோடா தண்ணியில் ஊற வைப்பாங்க. அந்தத் தண்ணியைக் குடிநீர் பாட்டிலிலோ ஜூஸ் பாட்டிலிலோ ஊத்தி வைக்கவே வைக்காதீங்க. ஒரு வாய் குடிச்சாலே குழந்தையின் உணவுக்குழாய் வெந்து சுருங்கிடும். வருஷக்கணக்கில் சிகிச்சை. கையுறை, கண்ணாடி இல்லாம நீங்களும் தொடாதீங்க.

4. சுத்தம் பண்றேன்னு நெருப்பில் போட்டுச் சுடாதீங்க. சட்டி கோணிப்போகும். காரீயம் இருந்தா புகையா மூக்கில் ஏறும்.

உங்க வீட்டு சட்டியின் கதை உங்களுக்கே தெரியும்னா அது வேற விஷயம். அம்மாவோ பாட்டியோ சமைச்ச இரும்பு வாணலி பரணில் இருந்தா இறக்குங்க. துருவைத் தேய்ச்சு எடுங்க. கழுவி, அடுப்பில் காய வச்சு, எண்ணெய் தடவிச் சூடாக்கி, நாலஞ்சு தடவை பழக்குங்க. வாரத்தில் ரெண்டு நாள் தொக்கோ கீரையோ அதில் செய்யுங்க. வெந்ததும் வேற பாத்திரத்துக்கு மாத்திடுங்க, இல்லைன்னா கறுத்துப் போய் உலோக வாடை அடிக்கும். சாப்பிட்ட உடனே டீ, காபி வேண்டாம். பக்கத்தில் ஒரு துண்டு எலுமிச்சை இருந்தா இன்னும் நல்லது.

களைப்பு, மூச்சிரைப்பு, முகம் வெளுப்பு இருந்தா பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்க. இலவசம்தான்.

பரண்ல இருந்து இறக்கின சட்டியை போட்டோ எடுத்துக் கீழே போடுங்க. அடியில் ஏதாவது எழுத்தோ எண்ணோ வார்த்திருந்தா அதையும் சேர்த்துப் போடுங்க. எந்த ஊர் பவுண்டரின்னு சேர்ந்து கண்டுபிடிப்போம்.


அரசு மருத்துவமனை மருத்துவர், எம்பிபிஎஸ்